பதினோராவது நிமிடம்

மீன் எண்ணும் டவரில் ஒரு விதி உண்டு. ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் மட்டும் எண்ண வேண்டும். பதினோராவது நிமிடத்தில் வருகிற மீன் உங்கள் கண்ணுக்கு நேர் கீழே நீந்திப் போனாலும் அதைச் சேர்க்கக் கூடாது. இந்த விதி சரியானது என்று அன்றைக்கும் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அதை நம்பிக்கொண்டே ஒரு பெரியம்மாவுக்கு நான் சொன்ன பதிலை மனசு இன்னமும் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறது.

அவர் கேட்டது: "ராத்திரி மேலே ஏதாவது போச்சா?"

நான் சொன்னது: "நேத்துக் கணக்கு 4,302."

"கணக்கை நான் ரேடியோவுலயே கேட்டுக்குவேன். நீ என்ன பார்த்த?"

"கணக்குல இருக்கறதை மட்டும்தான் நான் சொல்ல முடியும்."

அவ்வளவுதான் பேச்சு. சண்டை எதுவும் இல்லை. கொண்டு வந்திருந்த புகைபோட்ட மீனைக் கொடுத்துவிட்டுப் படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அலாஸ்காவின் பிரிஸ்டல் பேயில் வந்து விழும் ஆறுகளில் ஒன்று அது. எது என்று சொல்லப் போவதில்லை. அந்தப் பக்கத்தில் பல ஆறுகளில் இப்படி டவர் வைத்துதான் சாக்கை என்கிற சிவப்பு சால்மனை எண்ணுகிறார்கள். 1950-களிலிருந்தே நடக்கிற வேலை. சாக்கை முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றில் மேலே ஏறும்போது நட்டாற்றின் வேகத்துக்கு ஒதுங்கி, இரண்டு கரைகளையும் ஒட்டியே வரும். தண்ணீரும் தெளிவு. அதனால்தான் கரையில் ஒரு டவரைக் கட்டி, கண் கூசாத போலராய்டு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கையில் அழுத்த அழுத்த எண் ஏறும் கிளிக்கரோடு ஒரு ஆள் உட்கார்ந்தாலே போதுமானதாக இருக்கிறது. மேலே போகிற மீனைக் கூட்ட வேண்டும், திரும்பிக் கீழே வருகிற மீனைக் கழிக்க வேண்டும். பத்து நிமிடம் ஆனதும் எண்ணை எழுதிவிட்டு, படகில் அக்கரைக்குப் போய் அங்கே பத்து நிமிடம். எழுதியதை ஆறால் பெருக்கினால் அந்தக் கரையின் அந்த மணி நேரக் கணக்கு. ஷிப்ட் மாற்றி மாற்றி 24 மணி நேரமும் இதுதான்.

இந்த எண்ணை நம்பித்தான் கீழே கடலோரத்தில் ஆயிரக்கணக்கான பேர் காத்திருப்பார்கள். ஒவ்வொரு ஆற்றுக்கும் இத்தனை மீன் முட்டையிட மேலே போக வேண்டும் என்று ஒரு இலக்கு உண்டு. க்விச்சாக் ஆற்றுக்கு அது 20 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை, நாக்நெக்குக்கு 8 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை. மீன் போதுமான அளவு ஏறுகிறது என்று தெரிந்தால் மீன்வளத் துறை மேலாளர் மீன்பிடிப்பைத் திறப்பார். ஏறவில்லை என்றால் மூடியே வைப்பார். டவர் எண் மட்டும் இல்லை, விமானத்தில் பறந்து பார்ப்பது, சோதனை வலை, மீனின் வயது என்று மற்றதும் சேரும். ஆனாலும் எல்லார் வாயிலும் முதலில் வருவது டவர் எண்தான். 1973-இல் பிரிஸ்டல் பே முழுவதிலும் பிடித்த சாக்கை பத்து லட்சத்தைக்கூட எட்டவில்லை. 2022-இல் அதே இடத்தில் ஆறு கோடி பிடித்தார்கள். இதற்குக் கடலும் காரணம், ஏரிகளும் காரணம், அதிர்ஷ்டமும் காரணம். கூடவே, நல்ல வருஷமோ கெட்ட வருஷமோ, முட்டையிடப் போகிற மீனை முதலில் விட்டுவிட்டு மிச்சத்தைத்தான் பிடிப்பது என்ற பிடிவாதமும் ஒரு காரணம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். அந்தப் பிடிவாதத்தின் கடைசி நுனியில் டவரில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த வருஷம் மீன் ஏறுகிற ஓட்டம் தாமதம். ஜூலை முதல் வாரத்தில் ஆறு மீனால் கருத்துக் கிடக்க வேண்டும். வழக்கமாக நான்காம் தேதியை ஒட்டித்தான் உச்சம். எங்கள் ஆறோ வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. கீழே எங்கள் ஆற்றைச் சேர்ந்த கடல் பகுதியில் மீன்பிடிப்பை மூடி வைத்திருந்தார்கள்.

சம்பவம் நடந்தது இரவு பதினொரு மணி எண்ணிக்கையில். அங்கே அந்த மாதத்தில் பதினொரு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். இடது கரையில் பத்து நிமிடத்தில் 14 மீன். 14-ஐ ஆறால் பெருக்கி 84 என்று எழுதினேன். டவரிலிருந்து இறங்க எழுந்தபோது கீழ்ப்பக்கத்து வளைவில் தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்த்தேன். முதலில் மேக நிழல் என்றுதான் நினைத்தேன். அப்புறம் அது கரையோரமாக நகர்ந்து வந்தது. நான்கைந்து மீன் அகலத்துக்கு, இடைவெளியே இல்லாத ஒரு பட்டை. முன்னால் போனவை டவரைத் தாண்டி எவ்வளவோ தூரம் போன பிறகும் வளைவில் பின்னால் வந்துகொண்டே இருந்தன.

அக்கரை எண்ணிக்கைக்கு நேரமாகிவிட்டது. படகைக் கொஞ்சம் கீழே தள்ளிக்கொண்டு போய், அவற்றைக் கலைக்காமல் ஆற்றைத் தாண்டினேன். அக்கரையில் பத்து நிமிடத்தில் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் மீன். திரும்பி வந்து பன்னிரண்டு மணி எண்ணிக்கைக்கு ஏறி உட்கார்ந்தபோது இடது கரை மறுபடி காலி. நடுவில் போனது ஆயிரமா, ஐயாயிரமா? தெரியாது. எண்ணவில்லை. புத்தகத்தில் அந்த மணி நேரத்துக்கு 84 என்று இருக்கிறது, இன்னமும் அப்படியே இருக்கும். பக்கத்தில் குறிப்புக்கான இடத்தில் "எண்ணிக்கைக்குப் பிறகு பெரிய கூட்டம்" என்று எழுதினேன். காலையில் ரேடியோவில் எண்களைப் படிக்கும்போது அதையும் படித்தேன்.

"எண்ணிக்கைக்குப் பிறகுதானே?" என்று கேட்டார் மேலாளர்.

"ஆமா."

"சரி, அடுத்த மணி நேரம் சொல்லுங்க."

அவர் அலட்சியமாகக் கேட்கவில்லை. நான் அவர் இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

ஏன் சேர்க்கக் கூடாது என்பதை யாருக்கும் இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடலாம். கூட்டமாக மீன் வந்தால் கண்ணில் படும். மீனே வராத ஐம்பது நிமிடம் கண்ணில் படாது. கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்துக்கொண்டே போனால் எண் மேலேதான் போகும், கீழே வராது. எண் வீங்கினால் மேலே மீன் போய்விட்டது என்று நினைத்துக் கீழே திறந்துவிடுவார்கள்; முட்டையிட வேண்டிய மீன் வலையில் போய்விடும். இன்னொரு பக்கம், பத்து நிமிடத்துக்குள்ளேயே இப்படி ஒரு கூட்டம் வந்து விழுந்தால் அதை ஆறால் பெருக்கி அளவுக்கு மேல் எழுதுகிறோம். அதை யாரும் குறைத்துக்கொள்வதில்லை. ஒன்றை ஒன்று ஈடுகட்டும். இரண்டு கரை, 24 மணி நேரம், ஒரு நாளைக்கு 48 எண்ணிக்கை. பல வாரங்கள் சேரும்போது, லட்சக்கணக்கில் மீன் ஏறுகிற ஆற்றில், இந்தக் கணக்கு நன்றாகவே வேலை செய்கிறது.

பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று இதை நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் பானையில் எல்லா அரிசியும் ஒரே கொதியில் வேகிறது. மீன் அப்படி வருவதில்லை. ஓட்டம் நன்றாகப் பிடித்துவிட்ட நாட்களில் பரவலாக வரும், அப்போது பத்து நிமிடம் தாராளம். தாமதமான வருஷத்தில், முதல் கூட்டம் ஏறுகிற அந்த ஒன்றிரண்டு நாளில், முழு நாளின் மீனும் அரை மணி நேரத்தில் போய்விடலாம். மொத்த சீசனுக்கு அது பிழையே இல்லை. அந்த ஒரு நாளைக்கு மட்டும் அது பெரிய பிழை. கீழே இருப்பவர்கள் முடிவெடுப்பது அந்த ஒரு நாளை வைத்துத்தான்.

பெரியம்மா எங்களுக்கு மேலே உள்ள கிராமத்துக்காரர். வீட்டுச் சாப்பாட்டுக்கு மீன் பிடித்து, கீறி, காயவைத்துப் புகைபோடுவதில் அவரை மிஞ்ச அந்தக் கரையில் ஆள் கிடையாது. அவர் மகனுக்குக் கீழே செவுள்வலைப் படகு இருந்தது. அங்கே படகு 32 அடிக்கு மேல் இருக்கக் கூடாது. எந்தப் பகுதியில் வலை போடுகிறோம் என்று பதிவு செய்திருக்க வேண்டும். வேறு பகுதிக்கு மாற வேண்டுமானால் அறிவித்துவிட்டு 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த 48 மணி நேரமும் வலை தண்ணீரில் இறங்கக் கூடாது. பக்கத்துப் பகுதி திறந்திருந்தது. எங்கள் பகுதி மூடிக் கிடந்தது. மாறுவதா, பொறுப்பதா? இதைத்தான் அவர் என்னிடம் கேட்டார். மகனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கேட்டார். நான் புரிந்துகொள்ளாமல் இல்லை.

அன்று சாயங்காலம் மகன் மாறுவதற்கு அறிவித்துவிட்டார். மறுநாள் விமானத்தில் பார்த்தவர்கள் ஆற்று முகத்தில் மீன் குவிந்திருப்பதாகச் சொன்னார்கள். டவரிலும் எண் ஏறத் தொடங்கியது. எங்கள் பகுதியைத் திறந்தார்கள். அந்த முதல் திறப்பில் மற்ற படகுகள் நிறைந்து வந்தபோது அவருடைய படகு காத்திருப்பில் நின்றது. மொத்த ஓட்டத்தில் பெரும்பகுதி இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடுகிற இடத்தில் இரண்டு நாள் என்பது சின்ன விஷயம் இல்லை. படகுக் கடன் இருக்கும், கூட வேலை பார்க்கிறவர்களின் பங்கு இருக்கும்.

பல நாள் கழித்து பெரியம்மா மறுபடி வந்தபோது இதை அவரேதான் சொன்னார். குறை சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாக, "நீ பார்த்திருப்பேன்னு நெனச்சேன்" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை.

என் பக்கத்தை எத்தனையோ முறை எனக்கே எடுத்துச் சொல்லிவிட்டேன். டவரில் இருக்கிறவர் மீனவர்களிடம் வெளியான எண்ணைத் தவிர வேறு எதையும் சொல்லக் கூடாது என்பது முதல் நாளே சொல்லித் தருகிற பாடம். அதில் நியாயம் இருக்கிறது. ஒரு படகுக்கு மட்டும் நான் பார்த்ததைச் சொன்னால் நூற்றுக்கணக்கான மற்ற படகுகளுக்கு அது துரோகம். அவர்களில் எவருக்கும் டவருக்குப் பக்கத்துக் கிராமத்தில் அம்மா இல்லை. தவிர, டவரைத் தாண்டிய மீன் ஒரு நாளுக்கு முன்னாலோ அதற்கும் முன்னாலோ கடலோரத்தைக் கடந்த மீன். அதன் பின்னால் இன்னும் வருகிறதா என்பதை அது சொல்லாது. நான் "பெரிய கூட்டம் போச்சு" என்று சொல்லி, மகன் பொறுத்திருந்து, ஒன்றும் வராமல் போயிருந்தால்? அப்போதும் இதே இடத்தில்தான் நின்றிருப்பேன், இன்னும் மோசமாக.

இதெல்லாம் சரி. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு இதில் பதில் இல்லை. கணக்கு எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. நீ என்ன பார்த்தாய் என்று கேட்டார். அதற்கு என்னிடம் உண்மையான பதில் இருந்தது. அது எண்ணாக மட்டும் இல்லை. அந்த ஆற்றில் மீன் எப்போது எப்படி வரும் என்று அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வந்திருக்கிறது, நாங்கள் டவர் கட்டுவதற்கு எவ்வளவோ முன்பிருந்தே. அப்படிப்பட்டவர் வந்து கேட்கும்போது, அதே ஆற்றில் நான் பார்த்ததை நான் பூட்டி வைத்துக்கொண்டேன். பொய் சொல்லவில்லை. 4,302 என்பது சரியான எண். அவர் அதைக் கேட்டுவிட்டு ஆறு காலி என்று முடிவெடுத்தார் என்றால், அந்த முடிவுக்கு நான் சொன்ன உண்மைதான் துணை போயிருக்கிறது.

மீனை நிறைய மேலே விட்டுவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று சிலர் கேட்பார்கள். டவரைத் தாண்டிய மீன் கடலோரப் படகுகளுக்குத் திரும்பி வராது, அந்தப் பிடிப்பு போனது போனதுதான். அளவுக்கு மீறி ஏறினால், பின்னால் வருகிற மீன் முன்னால் வந்தது இட்ட முட்டையையே கிளறிவிட்டு முட்டையிடும். ஏரியில் குஞ்சுகளுக்கு இரையும் போதாது. குறைவாக ஏறினால் அடுத்த நான்கைந்து வருஷம் கழித்துத் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவில் எண் சரியாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் ஒரு துளி சந்தேகம் இல்லை. எண்ணைக் காப்பாற்ற வேண்டும்தான். ஆனால் எண்ணைக் காப்பாற்றுவதற்காகக் கண்ணால் பார்த்ததை வாயால் சொல்லாமல் இருக்க வேண்டுமா என்பதில்தான் மனசு ஒரு பக்கம் நிற்க மாட்டேன் என்கிறது. சில நாள், நான் செய்தது ஒன்றுதான் வழி என்று தோன்றும். சில நாள், அவர் படகைத் திருப்பும்போதாவது "நேத்துக் கணக்கை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, தாமதமான வருஷத்துல ஒரு நாள் கணக்கு பெரிசா தப்பும்" என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். அது ரகசியம் இல்லை, எவரிடமும் சொல்லக்கூடிய பொது விஷயம். ஆனால் அந்தக் காலையில் அதைச் சொல்லியிருந்தால் என் முகத்தைப் பார்த்தே மிச்சத்தைப் புரிந்துகொண்டிருப்பார். அப்படியானால் அதுவும் சொன்ன மாதிரிதானே?

எண்ணோடு சேர்த்துக் குறிப்பில் எழுதியதையும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அறிவித்துவிடலாம் என்று நானே ஒருமுறை யோசனை சொல்லிப் பார்த்தேன். யாருக்கும் தனிச் சலுகை இல்லை, எதையும் பூட்டி வைக்கவும் வேண்டாம். என்னோடு அதே முகாமில் இருந்த, என்னைவிடப் பல வருஷம் மூத்த ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்புறம் எல்லாரும் குறிப்பைத்தான் படிப்பாங்க, எண்ணை யாரும் பார்க்க மாட்டாங்க. 'பெரிய கூட்டம்'னு ஒருத்தர் எழுதுறது இன்னொருத்தர் கண்ணுக்குச் சின்னக் கூட்டம். அதை வச்சு நூறு படகு பகுதி மாறும்" என்றார். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்கு முடியவில்லை. ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. இப்போதும் அந்தக் குறிப்புகள் மேலாளர் வரைக்கும்தான் போகின்றன என்று நினைக்கிறேன்.