உலைக்குப் போகும் முன்பே

உலோகப் பொடியை மோல்டில் செலுத்திச் சிறு பாகங்கள் செய்யும் எங்கள் பிரிவைப் பார்க்க வருகிறவர்கள் நேராக, பொடித் துகள்களை உருக்காமல் சூட்டிலேயே ஒட்டவைக்கும் சின்டரிங் ஃபர்னஸிடம்தான் போவார்கள். 1,350 டிகிரியைத் தாண்டும் சூடு என்றால் யாருக்கும் ஆர்வம் வரத்தான் செய்யும். ஆனால் 316எல் என்ற துருப்பிடிக்காத எஃகுப் பாகத்தின் தலைவிதி அங்கே எழுதப்படுவதில்லை என்பது இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியாகிவிட்டது.

பெரும்பாலும் 20 மைக்ரானுக்கும் சிறிய எஃகுத் துகள்களை மெழுகும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த பைண்டரோடு (துகள்களைப் பிடித்துவைக்கும் பசை) பிசைந்து, குருணையாக்கி, மோல்டில் செலுத்துகிறோம். கன அளவில் சுமார் 60 சதவீதம்தான் உலோகம். பைண்டர் போய்த் துகள்கள் நெருங்கும்போது பாகம் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 15 சதவீதம் சுருங்கும். 10 மி.மீ. வேண்டுமென்றால் மோல்டில் சுமார் 11.75 மி.மீ. வெட்ட வேண்டும்.

இந்தச் சுருக்கம் ஒரே சீராக இருந்தால் கவலையே இல்லை. ஒருமுறை ஒரே தட்டில் வைத்த பாகங்களில் சில சரியான அளவிலும் சில சிறுத்தும் வந்தன. எல்லோரும் ஃபர்னஸின் வெப்ப வரைபடத்தைத் துருவிக்கொண்டிருந்தார்கள். க்ரீன் பார்ட்டுகளின் (மோல்டிலிருந்து வந்த, இன்னும் பைண்டர் போகாத பாகங்கள்) எடைக் குறிப்பை வரிசையாகப் பார்த்ததும் விஷயம் தெரிந்தது: ஷிஃப்டின் நடுவில் ஹோல்டிங் பிரஷர், அதாவது மோல்டு நிரம்பியபின் தொடர்ந்து கொடுக்கும் அழுத்தம், இறங்கியிருக்கிறது. மோல்டில் பொடி குறைவாக நிரம்பியதை எந்தச் சூடும் ஈடுகட்டாது. வார்த்தவுடனே எடை போடுவதை நான் இவ்வளவு வலியுறுத்துவது அதனால்தான்.

பைண்டரை வெளியேற்றும் டிபைண்டிங்கில் அவசரமே கூடாது. முதலில் கரைப்பானில் மெழுகு வெளியேறி நுண்துளைகள் திறக்க வேண்டும்; மிச்சப் பிளாஸ்டிக் சூட்டில் வாயுவாகி அந்த வழியே போகும். சூட்டை வேகமாக ஏற்றினால் தடித்த இடங்களில் கொப்புளமும் விரிசலும் நிச்சயம். பைண்டர் போன பிரவுன் பார்ட்டைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே உதிர்ந்துவிடும். அதைப் பீங்கான் தட்டில் பதமாக வைக்கத் தெரிந்த கைகள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

விரிசலைவிடப் பொல்லாதது பைண்டரிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் தங்கும் கார்பன். 316எல்லில் அது 0.03 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ஆறும்போது, துருவைத் தடுக்கும் குரோமியத்தோடு சேர்ந்து படிக எல்லைகளில் கார்பைடாகப் படியும். அந்த ஓரங்களில் துரு பிடிக்கும். பாகம் பளபளப்பாக இருக்கும், அடர்த்தியும் திட எஃகின் அடர்த்தியில் 97 சதவீதம் காட்டும். கார்பன் அளவு கைக்கு வராமல் நான் எந்த பேட்சுக்கும் கையெழுத்துப் போடுவதில்லை. அனுப்பும் தேதி தள்ளிப்போனாலும் சரி.