காகிதம் குடித்த தண்ணீர்

600 மில்லி. என் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய சார்ட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. இரவு பத்து மணிக்கு 200, ஒரு மணிக்கு 200, நாலு மணிக்கு 200. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் புழு நெளிந்த மாதிரி ஒரு கையெழுத்து. அந்த ராத்திரி முழுவதும் என் தொண்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை.

தண்ணீர் இல்லாமல் இல்லை. நீல மூடி போட்ட ஜக் நிறைய இருந்தது. சக்கரம் வைத்த மேஜைமேல், என் இடது கைக்கு ஒரு முழம் தள்ளி. பிரஷர் பார்க்க வந்தவர் மேஜையை ஓரமாகத் தள்ளிவிட்டு, திரும்ப இழுத்து வைக்காமல் போய்விட்டார். முந்தின நாள்தான் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன். வயிற்றில் மூன்று ஓட்டை. ட்ரிப்ஸையும் சாயங்காலமே கழற்றிவிட்டார்கள். கூப்பிடுகிற பஸ்ஸர் கட்டிலுக்கு அடியில் விழுந்து கிடந்தது. இரண்டு தடவை உடம்பைத் திருப்பிப் பார்த்தேன். மூன்றாவது தடவை முயலவில்லை. மூடியின் நீலத்தைப் பார்த்துக்கொண்டே விடிய விடியப் படுத்திருந்தேன்.

நாங்கள் கருங்கல் பக்கம். இங்கிலாந்தின் வடக்கே ஓர் ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. நர்ஸ் வேலைக்கு வந்தவள் என் மனைவி. அவள் விசாவில் தொற்றிக்கொண்டு வந்தவன் நான். குமரி மாவட்டத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. சொந்தத்தில் ஒரு நர்ஸ்கூட இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இங்கே எப்போதும் மழை என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். இரண்டு பருவமழையையும் வாங்கி வளர்ந்தவனுக்கு இந்தத் தூறல் ஒரு மழையா? மரச்சீனிக் கிழங்கு தோல் சீவி ஃப்ரீசரில் கிடைக்கிறது. சாளை கிடைக்கிறது. நன்றாகப் பழகிவிட்டேன் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். மட்டிப்பழம் மட்டும்தான் இல்லை. விரல் நீளம், மெல்லிய தோல், ஒரே வாய். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் அதைத்தான் கேட்டார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வயிற்றுவலி வந்தது. இங்கே முதலில் 111 என்ற மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். எடுத்த பெண் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். அதில் ஒன்று, நோயாளி மூச்சு விடுகிறாரா என்பது. நான்தான் நோயாளி, உங்களிடம் பேசிக்கொண்டிருப்பதும் நான்தான் என்றேன். பரவாயில்லை, பதில் சொல்லுங்கள் என்றார். விடுகிறேன் என்றேன்.

அவசரப் பிரிவுக்குப் போனால், காத்திருப்பு 9 மணி நேரம் என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு மணி நேரத்துக்குள் நூற்றுக்கு 95 பேரைப் பார்த்து, ஒன்று அனுமதிக்க வேண்டும், இல்லை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது இங்கே உள்ள கணக்கு. இங்கிலாந்து முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கணக்கைக் கடைசியாக எட்டியது 2015 ஜூலையில். மற்றவர்கள் போர்வை, சார்ஜர், சாண்ட்விச் எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். எங்களூரில் இந்நேரம் கண்ணாடி உடைந்திருக்கும்.

அந்த நாற்காலியில் கிடந்தபோது பாட்டா ஞாபகம் வந்தார். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த சாமர்வெல் துரையைப் பற்றி அவர் சொல்லாத நாளில்லை. எவரெஸ்ட் ஏறப் போனவர் ஹோவர்டு சாமர்வெல். 1922-இல் அந்தப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் ஒரே ஒரு சர்ஜனுக்கு முன்னால் நின்ற நோயாளிகள் வரிசையைப் பார்த்தார். மலையையும் லண்டனையும் விட்டுவிட்டு, பிற்பாடு அங்கேயே வருஷக்கணக்காக டாக்டராக இருந்துவிட்டார். இடையில் 1924-இல் இன்னொரு தடவை எவரெஸ்ட் ஏறப் போய்விட்டும் வந்தார், அது வேறு கதை. அவர் பிறந்த கெண்டல் இப்போது நாங்கள் இருக்கும் ஊரிலிருந்து காரில் ஒரு மணி நேரம். அவர் ஊரிலிருந்து என் ஊருக்கு வந்து வரிசையைப் பார்த்தார். நான் என் ஊரிலிருந்து அவர் ஊர்ப்பக்கம் வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வலிக்கு நடுவிலும் சிரிப்பு வந்தது. சிரித்தால் இன்னும் வலித்தது.

டாக்டர் பார்த்தது விடிகாலையில். பிறகு தாழ்வாரத்தில் ஒரு டிராலியில், நெருப்பணைப்பான் சிலிண்டருக்கு அடுத்து, மத்தியானம் வரை. ஞாயிறு சாயங்காலம் ஆபரேஷன். ஆபரேஷனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கையில் ஒரு பைசா கேட்கவில்லை, கத்தி வைத்தவர் கெட்டிக்காரர், தையல் தெரியவே இல்லை. அடுத்த நாள் ராத்திரிதான் ஜக்.

எட்டு மணிக்கு ஒரு பெண் சிரித்த முகமாக வந்து, பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று மனைவியை அனுப்பிவிட்டார். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள், போகத்தான் வேண்டும். இருந்தாலும் எனக்கு அது புரிய நேரமாயிற்று. ஆபரேஷன் செய்த ஒருவனை ராத்திரி தனியாகவா விடுவார்கள்?

எங்களூரில் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் வீடு மாறுகிற மாதிரி. பாய், பிளாஸ்க், தூக்குவாளி, கஞ்சி, காணத்துவையல், மாற்றிக் கட்ட வேட்டி. அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் அப்பா நெஞ்சுவலிக்குப் படுத்திருந்தபோது இரண்டு கட்டிலுக்கு நடுவில் பேப்பர் விரித்துப் படுத்தேன். ராத்திரி என் கால்மேல் பூனை நடக்கும். ஸ்ட்ரெச்சர் தள்ளினவருக்கு நூறு ரூபாய், பிள்ளை பிறந்த வார்டில் இன்னும் கூட. டாக்டரிடம் சந்தேகம் கேட்டால், நீ டாக்டரா நான் டாக்டரா என்று திருப்பிக் கேட்பார். ஒரு ராத்திரி மூன்று மணிக்கு பாட்டில் காலியாகி அப்பாவின் ரத்தம் டியூபில் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்து ஓடினேன். தூக்கத்தில் இருந்த நர்ஸ் நன்றாகத் திட்டினார். திட்டிக்கொண்டே வந்து மாற்றினார். அங்கே ஆள் பார்த்தால்தான் வேலை நடக்கும். அதனால் கூட ஆள் இருப்போம். இங்கே எல்லாவற்றையும் அமைப்பே பார்த்துக்கொள்ளும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் கூட ஆள் இல்லை. அமைப்பு மேஜையைத் தள்ளிவிட்டுப் போனால் இழுத்து வைக்க யாரும் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் புகார் எழுதப்போகிறேன் என்றேன். பால்ஸ் என்று ஓர் அலுவலகம் இருக்கிறது, அங்கே கேட்கலாம் என்றாள் மனைவி. முதலில் பால் பூத் என்று நினைத்தேன். 12 மாதத்துக்குள் எழுத வேண்டும், மூன்று வேலை நாளில் கிடைத்தது என்று பதில் வர வேண்டும் என்றெல்லாம் சட்டம் இருக்கிறது. ஸ்டாஃபோர்ட் ஆஸ்பத்திரியில் நடந்ததையும் அவள்தான் சொன்னாள். 2005 முதல் 2009 வரை அந்த ஆஸ்பத்திரியில் தண்ணீர் கைக்கெட்டாமல் நோயாளிகள் பூச்சாடித் தண்ணீரைக் குடித்ததாகக் குடும்பத்தார் விடாமல் சொன்னார்கள். ராபர்ட் ஃபிரான்சிஸ் என்ற வழக்கறிஞர் விசாரித்து 2013-இல் 290 பரிந்துரை கொடுத்தார். தவறு நடந்து நோயாளிக்குப் பாதிப்பு வந்தால் ஆஸ்பத்திரியே அவரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்று 2014-இல் சட்டமும் வந்தது. 290 பரிந்துரையில் ஒன்றாவது மேஜையை இழுத்து வைப்பதைப் பற்றி இருக்குமா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

கடிதத்தை அவள்தான் திருத்தினாள். அந்த நர்ஸின் பெயரை அடித்துவிட்டாள்.

“ராத்திரி இருபத்தாறு பேஷண்டுக்கு ரெண்டு நர்ஸ். அதுல ஒருத்தி ஏஜென்சி. நீங்க அவளைப் பிடிச்சா, ஆள் போடாதவன் தப்பிச்சிருவான்.”

“சரி, குடிக்காத தண்ணியைக் குடிச்சான்னு எழுதினது?”

கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள். “ஷிஃப்ட் முடியும்போது விட்டுப்போன கட்டத்தை நானும் நிரப்பியிருக்கேன்” என்றாள். அங்கேயா இங்கேயா என்று நான் கேட்கவில்லை.

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. தடித்த காகிதம், அழகான எழுத்து. உங்கள் அனுபவம் எதிர்பார்த்தபடி இல்லை என்று நீங்கள் உணர்ந்ததற்கு வருந்துகிறோம். ஊழியர்களுக்கு நினைவூட்டப்பட்டது. பாடங்கள் கற்றுக்கொள்ளப்பட்டன. யார் நினைவூட்டினார், யார் கற்றார், 600-ஐ யார் எழுதினார், எதுவும் இல்லை. அந்த ‘வருந்துகிறோம்’ தவிர நாலு பக்கத்தில் ஒரு செய்வினை கிடையாது. மற்றதெல்லாம் செயப்பாட்டு வினை. படிக்கும்போது எனக்கு ஊர் ஞாபகம்தான் வந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் பிரசவத்துக்குப் போன பெண் இறந்து, சொந்தக்காரர்கள் உடலை வாங்க மாட்டோம் என்று ரோட்டில் உட்கார்ந்தபோது, உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதிகாரி சொன்னதாகப் பேப்பரில் வந்தது. மூன்றாம் நாள் பேப்பரில் வேறு செய்தி. கத்துகிற ஊருக்கும் கடிதம் எழுதுகிற ஊருக்கும் இலக்கணம் ஒன்றுதான் போலிருக்கிறது.

இனி ஆம்புட்ஸ்மேனுக்கு, அதாவது ஆஸ்பத்திரிக்கு வெளியே இருந்து புகாரை விசாரிக்கிறவரிடம், போகலாம் என்றார்கள். அந்தப் படிவம் ஃபிரிட்ஜ் கதவில் தொங்குகிறது. பிடித்துக்கொண்டிருப்பது கன்னியாகுமரியில் வாங்கிய காந்தம்: 133 அடி வள்ளுவர், மூன்று இஞ்ச் உயரத்தில். பாலெடுக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் அதைப் பார்க்கிறோம். எடுத்து நிரப்பவில்லை. தூக்கிப் போடவும் இல்லை.

கடிதத்தில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தக் காலை சார்ட்டைப் பார்த்த கையோடு அம்மா வீடியோவில் வந்தாள். காய்ச்சல் இருக்கா, வலி இருக்கா என்று எதுவும் கேட்கவில்லை.

“ராத்திரி கூட ஆரு இருந்தா மக்கா?”

“அவதாம்மா. விடியுற வரைக்கும் இருந்தா.”

“தண்ணி கிண்ணி தந்தாளா?”

“தந்தா. அறுநூறு மில்லி குடிச்சேன்.”