ஆல்ஃபாவும் பியர்சனும் போதும் என்று நம்பி வைவாவுக்குப் போகாதீர்கள்

நேற்றுதான் ஆய்வேடு ஏற்கப்பட்டது. இன்னும் கை நடுக்கம் நிற்கவில்லை. முதல் வைவாவில், அதாவது ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில், திருத்திக்கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். உணவு, உடற்பயிற்சி, தூக்கம், புகைப்பழக்கம் என்று வாழ்க்கைமுறை வினாநிரலின் நம்பகத்தன்மையை (மறுபடி கேட்டாலும் அதே விடை வருமா, கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதை) சோதிக்கப் போகிறவர்கள் நான் சறுக்கிய இடத்தில் சறுக்க வேண்டாம்.

14 நாள் இடைவெளியில் அதே ஆட்களிடம் வினாநிரலை இருமுறை கொடுத்தேன். பியர்சன் ஒட்டுறவு (இருமுறை மதிப்பெண்களும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்று காட்டும் எண், உச்சம் 1) 0.9ஐத் தாண்டியது. தேர்வாளர் கேட்டது ஒன்றுதான்: "இரண்டாம் முறை எல்லாருக்கும் சரியாக 5 மதிப்பெண் கூடியிருந்தால் உங்கள் பியர்சன் என்ன காட்டும்?" அப்போதும் 1தான் காட்டும். ஒருவருடைய மதிப்பெண்கூட முதல்முறை போல இல்லாதபோதும்! எனக்கு வாயே எழவில்லை.

ஆகவே ஐசிசி (உள்வகுப்பு ஒட்டுறவுக் கெழு, ICC) போடுங்கள். அதிலும் மதிப்பெண்கள் அப்படியே பொருந்துகின்றனவா என்று பார்க்கும் 'அப்சல்யூட் அக்ரிமென்ட்' வகை. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் தானாக எடுத்துக்கொள்வது, ஆட்களின் வரிசை மாறாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் 'கன்சிஸ்டன்சி'. அந்த 5 மதிப்பெண் அதன் கண்ணிலும் படாது. ஐந்து பேரின் மதிப்பெண்ணைத் தாளில் எழுதிக் கையால் கணக்குப் போட்டபோதுதான் எனக்கு இது உறைத்தது. 0.75க்கு மேல் நன்று, 0.9க்கு மேல் மிக நன்று என்று 2016இல் கூ, லீ (Koo, Li) என்ற ஆய்வாளர்கள் சொன்ன அளவை 95% நம்பிக்கை இடைவெளியின் (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பின்) கீழ் எல்லைக்கும் வைத்துப் பாருங்கள்.

மற்றவை:
- ஆல்ஃபாவை (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) பகுதி பகுதியாகப் போடுங்கள். கேள்வி கூடினாலே அது ஏறும். புகைப்பழக்கமும் தூக்கமும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.
- எதிர்மறைக் கேள்விகளைத் திருப்பி மதிப்பிட்டீர்களா? ஒன்று விட்டுப்போனாலும் ஆல்ஃபா சரியும்.
- ஆம்/இல்லை கேள்விகளின் மறுசோதனைக்குக் கப்பா (தற்செயலாகப் பொருந்துவதைக் கழித்துவிட்டுப் பொருத்தத்தைக் காட்டும் எண்). ஏறக்குறைய எல்லாருமே 'இல்லை' என்றால், பதில்கள் நன்றாகப் பொருந்தினாலும் கப்பா தாழலாம். பொருந்திய விழுக்காட்டையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வியின் காலவரம்பையும் பாருங்கள். "கடந்த 7 நாட்களில்" என்று கேட்டுவிட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டால், கேட்பது வேறொரு வாரத்தைப் பற்றி. என் தூக்கப் பகுதியில் ஐசிசி தாழ்ந்தது. கேள்வி கோளாறா, தூக்கமே மாறிவிட்டதா? சொல்ல முடியவில்லை. "முதல்முறை நிரப்பியதிலிருந்து உங்கள் வழக்கம் மாறியதா?" என்ற ஒரு வரியை நான் சேர்க்கவில்லை. அதற்காகவே புதிய ஆட்களைத் தேடி இரண்டு சுற்றுத் தரவையும் முதலிலிருந்து சேகரித்தேன்.