நடபடிகளில் சிறைக் காட்சிகள்: கட்டுரைக் கேள்விக்கு நான் படித்த விதம்

இறையியல் படிப்பில் புதிய ஏற்பாட்டுத் தாள் எழுதப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இயேசுவின் சீடர்களும் பவுலும் செய்த ஊழியத்தைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் நூலில் சிறைவாசத்தின் பங்கை ஆராயச் சொல்லிக் கேள்வி வந்தால், பலர் 5, 12, 16 என்று அதிகார வரிசையில் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கதை, பேப்பர் திருத்துபவருக்கும் தெரியும். நான் நோட்டில் ஒரு அட்டவணை போட்டுப் படித்தேன்: அடைத்தது யார், கதவைத் திறந்தது யார், வெளியே போனது யார், காவலர் கதி என்ன.

கைகொடுத்தது அந்தக் கடைசிக் கட்டம்தான். 12ஆம் அதிகாரத்தில் பேதுருவுக்கு இரண்டு சங்கிலி, நான்கு நான்கு பேராக 16 சேவகர் காவல். தூதன் வந்து கூட்டிப்போய்விடுகிறான். விடிந்ததும் ஏரோது காவற்காரரைக் கொல்லச் சொல்கிறான். (இவன் முதலாம் அகிரிப்பா, கி.பி. 44இல் இறந்தவன். குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடிய ஏரோது இவனுடைய தாத்தா. குழப்பிக்கொண்டால் மார்க் போகும்.)

இதை மனதில் வைத்துக்கொண்டு 16க்கு வாருங்கள். பிலிப்பியில் பவுலும் சீலாவும் அடைபடுகிறார்கள்: உட்காவலறை, தொழுமரம் (கால்களை மாட்டிவைக்கும் மரம்), நடுராத்திரியில் பூமியதிர்ச்சி. கதவெல்லாம் திறந்து கிடப்பதைப் பார்த்ததும் சிறைச்சாலைக்காரன் பட்டயத்தை உருவித் தன்னையே கொல்லப் போகிறான். ஏன் என்று அங்கே விளக்கம் நீளவில்லை. கைதி தப்பினால் காவலன் உயிர் போகும் என்பதை 12ஆம் அதிகாரமே காட்டிவிட்டது. பவுலும் சீலாவும் ஓடாமல் உட்கார்ந்திருந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் தெரியும்.

அப்புறம் 21இல் பவுல் கைதான பிறகு எந்தக் கதவும் அதிசயமாகத் திறப்பதில்லை. செசரியாவில் ரோம ஆளுநர் பேலிக்ஸ் லஞ்சத்தை எதிர்பார்த்து அடிக்கடி கூப்பிட்டுப் பேசுகிறான். இரண்டு வருடம் ஓடிவிடுகிறது. ரோமில் வாடகை வீட்டுக் காவலில் இன்னும் இரண்டு வருடம். தீர்ப்பைச் சொல்லாமலே நூல் முடிகிறது. ரோமரிடம் சிறை பெரும்பாலும் விசாரணை வரை பிடித்துவைக்கும் இடம் என்ற பின்னணியை இங்கே ஒரு வரி எழுதுங்கள்.

சிறை நிருபங்கள் (பவுல் காவலில் இருந்தபடி எழுதிய கடிதங்கள்) எழுதப்பட்டது ரோமிலா, செசரியாவிலா, எபேசுவிலா என்ற விவாதத்துக்கு மூன்று வரி போதும். அதைவிடப் பிலிப்பியருக்கு எழுதியதை எடுத்துக்கொள்வது நல்லது: தன்னை அடைத்துவைத்த ஊரின் சபைக்கே மறுபடி காவலில் இருந்தபடி எழுதுகிறார். மனப்பாடம் செய்ய நேரமில்லை என்றால் 12:19, 16:27 இரண்டையும் மட்டுமாவது சேர்த்துப் படித்துவிடுங்கள்.