சென்னை தினத்தில் பட்டணம் கோயில்

சென்னையின் பிறந்த நாள் ஆகஸ்ட் 22. 1639-இல் இந்தப் பகுதியை ஆண்ட தாமர்லா வெங்கடாத்ரி நாயக்கர், கூவம் கடலில் சேரும் இடத்தை ஒட்டிய மணல்வெளியில் கோட்டை கட்டிக்கொள்ளக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே என்பவருக்கு அனுமதி எழுதிக் கொடுத்த நாள் அது. இரண்டு தரப்புக்கும் நடுவே நின்று பேசி முடித்தவர் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமான பேரி திம்மப்பா. நாயக்கரின் தந்தை சென்னப்பர் பெயரில் ஊர் சென்னப்பட்டணம் ஆனது. ஆவணத்தின் படிகளில் ஜூலை 22 என்றுதான் இருக்கிறது. ஆனால் டே இங்கே வந்து இறங்கியதே ஜூலைக் கடைசியில் என்பதால், மாதம் ஆகஸ்டாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். 2004-இல் தொடங்கி அந்த நாளை ஒட்டி நடைப்பயணம், சொற்பொழிவு, பழைய படங்களின் கண்காட்சி என்று நகரம் களைகட்டிவிடுகிறது.

எனக்கு அந்த நாளில் கோயிலுக்குப் போகத்தான் தோன்றும். ஆவணி பிறந்த கையோடு வருகிற நாள் வேறு. கோட்டையோடு கூடவே பிறந்த கோயில் ஒன்று இந்த ஊருக்கு இருக்கிறது. ஊரின் பெயரையே பெருமாளும் சிவனும் தாங்கியிருக்கிறார்கள்: சென்னகேசவப் பெருமாள், சென்ன மல்லீஸ்வரர். பூக்கடைப் பக்கத்து ஜனங்களுக்கு அது பட்டணம் கோயில். சென்னையிலேயே பிறந்து வளர்ந்த பலர் அங்கே ஒரு தடவைகூடப் போனதில்லை என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

கோயிலுக்குப் போகும் முன் உயர் நீதிமன்றத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். மெட்ரோவில் வந்து இறங்கினால் எதிரிலேயே சிவப்புக் கட்டடம் நிற்கும். 1892-இல் திறந்தது. அந்த வளாகத்தில்தான் பட்டணம் கோயில் முதலில் இருந்தது. கோட்டையின் வடக்கு மதிலுக்கு அப்பால் நெசவாளர்களும் சாயக்காரர்களும் வியாபாரிகளும் குடியேறிய ஊர் அது. 1640-களிலேயே அங்கே பெருமாளுக்குக் கோயில் எழுந்துவிட்டது. கம்பெனிக்கு வெடிமருந்து செய்து கொடுத்த நாகபட்டன், பேரி திம்மப்பா இருவரும் கோயிலுக்கு மானியம் எழுதி வைத்தவர்கள். பிழைக்க வந்த இடத்தில் வீடு நிலைக்கும் முன்பே சாமிக்கு இடம் பார்த்த மனசை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும்.

நூறு வருஷம் கழித்து அந்தக் கோயில் இடிபட்டது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749-இல் திரும்பக் கிடைத்ததும், மதிலுக்குப் பக்கத்தில் உயரமான கட்டடம் எதுவும் இருக்கக் கூடாது, அங்கே எதிரி மறைந்து நின்று சுடுவான் என்று கம்பெனி முடிவு செய்தது. பீரங்கி தடையில்லாமல் சுடுவதற்கு வெட்டவெளி வேண்டுமாம். வீடுகள் போயின. 1757-இல் கோயிலும் போயிற்று. அந்த வெட்டவெளியின் எல்லைக்கு அடையாளமாக நட்ட தூண்களில் ஒன்று இன்றைக்கும் பாரிமுனையில், பாரி கட்டடத்தின் ஓரமாக நிற்கிறது. ஆறு தூண்களில் மிச்சம் இது ஒன்றுதான். 1773 ஜனவரி 1 என்று அதில் வெட்டியிருக்கிறது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், கறுப்பு கோட்டுப் போட்ட வக்கீல்கள் என்று அதைக் கடந்து போகிற கூட்டத்துக்குக் கணக்கே இல்லை. நான் அங்கே நின்று கை கூப்பினேன். ஒரு காலத்தில் சாமி புறப்பாடு போன தெரு இதற்கு இந்தப் பக்கம் எங்கோ இருந்திருக்கும்.

அங்கிருந்து என்.எஸ்.சி. போஸ் சாலையோடு நடந்தால் பூக்கடை. மொத்தப் பூ வியாபாரம் 1996-இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டாலும் பத்ரியன் தெருவில் இன்னும் பூ மணக்கிறது. ஈரச் சாக்கின் மேல் சாமந்தியைக் கொட்டி வைத்திருந்த அம்மாவிடம் துளசி மாலையும் கொஞ்சம் வில்வமும் கேட்டேன். "ரெண்டும் வேணும்னா பட்டணம் கோயிலுக்குத்தானே சாமி?" என்றார். வேறு எங்கே போகப் போகிறேன்! துளசியும் வில்வமும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போக வேண்டிய கோயில் அது. இரண்டு சந்நிதிகளும் பக்கத்துப் பக்கத்தில்.

தேவராஜ முதலி தெருவின் கடைகளுக்கு நடுவே கோபுரத்தைக் கொஞ்சம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். உள்ளே நுழைந்து சில அடி வைத்ததும் ஹாரன் சத்தம் பின்னால் தங்கிவிடுகிறது. இந்த இடத்தில் கோயிலைத் திரும்ப எழுப்பியவர் மணலி முத்துகிருஷ்ண முதலியார். கவர்னர் பிகாட்டின் துபாஷி. இடித்த கோயிலுக்கு ஈடாகக் கம்பெனி நிலமும் பணமும் கொடுத்தது. அதோடு தன் பணத்தையும், ஊரார் கொடுத்ததையும் சேர்த்துப் பெருமாளுக்கு ஒன்று, சிவனுக்கு ஒன்று என்று இரட்டைக் கோயிலாக எழுப்பினார். சீர்காழி அருணாசலக் கவிராயரை ஆதரித்த வள்ளலும் இவர்தான். கம்பெனியில் சம்பாதித்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய தோட்ட வீடுகள் இருந்த சுவடுகூட இன்றைக்கு இல்லை. இவர் செய்த காரியத்துக்கு மட்டும் தினமும் விளக்கு எரிகிறது.

பெருமாள் சந்நிதியில் அன்றைக்குக் கூட்டம் இல்லை. பட்டர் மாலையை வாங்கிச் சாற்றிவிட்டு, "நன்னா கிட்டக்க வந்து சேவிச்சுக்கோங்கோ" என்றார். தூக்கிப் பிடித்த தீபத்தில் முதலில் திருவடி, அப்புறம் அபய ஹஸ்தம், கடைசியில் திருமுகம். தீர்த்தம் கொடுத்து சடாரி வைத்தபோது, இன்றைக்கு ஊருக்குப் பிறந்த நாள் என்று சொன்னேன். "பெருமாளுக்கும் அதே வயசுதானே? அப்போ ஊர் பேர்லயும் ஒரு அர்ச்சனை பண்ணிடலாம்" என்றார். சென்னப்பட்டணம் என்று அவர் சங்கல்பத்தில் சொன்னபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. எத்தனையோ மேடைகளில் இந்த ஊரைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறேன். சந்நிதியில் அதன் பெயரைச் சொல்லிக் கேட்டது வேறு அனுபவம்.

பக்கத்தில் மல்லீஸ்வரருக்கு வில்வம் கொடுத்து, பிரமராம்பாளைக் கும்பிட்டுவிட்டுப் பிராகாரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். புரட்டாசியில் இந்த அமைதியெல்லாம் இருக்காது. திருமலை பிரம்மோற்சவத்துக்குப் போகும் திருக்குடைகள் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. சாயங்காலம் யானைக்கவுனியைக் குடைகள் தாண்டும்போது எழும் கோவிந்தா கோஷத்தைக் கேட்கத் தெருவெல்லாம் ஜனம் நிற்கும். மலையப்ப சுவாமிக்கு இந்த ஊர் அனுப்பும் காணிக்கை அது. கோட்டைக்காரர்கள் ஒரு தடவை இடித்துப்போட்ட கோயிலிலிருந்து ஏழுமலைக்குக் குடை போகிறது!

அடுத்தது தம்பு செட்டித் தெரு, காளிகாம்பாள். அவளும் கோட்டைப் பக்கத்திலிருந்து இடம் மாறி வந்தவள்தான். கோட்டையம்மன் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. விஸ்வகர்மா சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகக் காத்து வரும் கோயில். 1677 அக்டோபர் 3 அன்று சத்ரபதி சிவாஜி இங்கே வந்து வழிபட்டார் என்று கோயிலில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வருஷம் சிவாஜி தெற்கே படையெடுத்து வந்ததும், கோட்டைக்குத் தூது அனுப்பி விஷமுறிவு மருந்துகள் கேட்டதும் கம்பெனிப் பதிவுகளிலேயே இருக்கின்றன. பாரதியும் இந்த அம்மனைக் கும்பிட்டவர். மன்னர் நின்ற இடமா, கவிஞர் நின்ற இடமா என்றெல்லாம் யோசிக்க அங்கே விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை போனால் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், குங்குமம் கைக்கு வருவதற்குள் நீங்கள் வெளியே வந்திருப்பீர்கள். வேறு கிழமையில் போங்கள். அம்மன் முகத்தை நிதானமாகப் பார்க்கலாம்.

சாயங்காலம் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில். 1639 என்ற கணக்கு இங்கே வந்ததும் சின்னதாகிவிடுகிறது. பேயாழ்வாரும் திருமழிசையாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். பல்லவ மன்னன் தந்திவர்மனின் கல்வெட்டு இங்கே இருக்கிறது, ஆயிரத்து இருநூறு வருஷப் பழசு. நான் அங்கே போகும்போதெல்லாம் அந்தக் கல்வெட்டு சொல்லும் விஷயம்தான் நினைவுக்கு வரும். கோயில் நிலம் அடகுக்குப் போய்விட்டது, அதனால் பெருமாளுக்கு அமுது படைப்பது குறைந்துவிட்டது. ஒருவர் அந்த நிலத்தை மீட்டுக் கொடுத்துத் திருவமுது திரும்ப நடக்க வழி செய்கிறார். அவ்வளவுதான் செய்தி. போர் இல்லை, வெற்றி இல்லை. பெருமாள் பசியோடு இருக்கக் கூடாது என்று ஒரு மனிதருக்குப் பட்டிருக்கிறது. சென்னை என்று நாம் இன்றைக்குச் சொல்லும் பரப்பில் இவ்வளவு பழைய எழுத்து மிகச் சில இடங்களில்தான் உண்டு. சென்னை தினத்தில் நாயக்கரின் சாசனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

மூலவர் வேங்கடகிருஷ்ணன் மீசையோடு, சங்கை மட்டும் ஏந்தி நிற்கிறார். சக்கரம் இல்லை, பாரதப் போரில் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று கொடுத்த வாக்கு அது. ருக்மிணி, பலராமர், சாத்யகி, பிரத்யும்னன், அநிருத்தன் என்று குடும்பமே கூட நிற்கிறது. உற்சவர் பார்த்தசாரதியின் திருமுகத்தில் பீஷ்மர் அம்பு பட்ட வடுக்கள். தீபாராதனையில் அந்த வடுக்களை உற்றுப் பாருங்கள். அடிபட்ட முகத்தோடு சிரிக்கிற தெய்வத்திடம் நம் கஷ்டத்தைச் சொல்லக் கூச்சமே வராது. 1921-இல் இந்தக் கோயில் யானைதான் பாரதியைத் தள்ளியது. அதே வருஷம் செப்டம்பரில் அவர் காலமானார்.

மயிலாப்பூரையும் அதே நாளில் சேர்த்துக்கொள்ளலாம். கடலோரத்தில் இருந்த பழைய கபாலீஸ்வரம் போர்ச்சுக்கீசியர் காலத்தில் அழிந்தது. இப்போது குளத்தோடு நாம் பார்ப்பது பின்னால் கட்டியது. அதுவும் இடம்பெயர்ந்த சாமி என்று தெரிந்து கும்பிட்டால் போதும்.

திருவொற்றியூரை மட்டும் அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். ராஜேந்திர சோழன் காலத்துக் கற்கோயில், தியாகராஜர், கொஞ்சம் தள்ளிக் கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி என்று அதற்கே ஒரு நாள் வேண்டும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் ஆதிபுரீஸ்வரரைக் கவசம் இல்லாமல் தரிசிக்கலாம். நான் அதற்குத்தான் போவதாக இருக்கிறேன். பட்டணம் கோயிலுக்குப் போகிறவர்கள் காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். கடைகள் திறந்து சரக்கு வண்டிகள் வர ஆரம்பித்தால் தேவராஜ முதலி தெருவில் நடக்கவே இடம் இருக்காது. துளசியோடு வில்வமும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.