காலியாகத் தெரிந்த மூன்றாம் சேனல்

ராத்திரி எட்டு மணி ஆனால் போதும், வீடியோ கால் திக்க ஆரம்பித்துவிடும். காலையில் அதே மேசை, அதே லேப்டாப், ஒரு குறையும் இருக்காது. போனில் வைஃபை அனலைசர் செயலியைப் போட்டுப் பார்த்தேன். அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களில், அதாவது வைஃபை சிக்னல் போகும் எண்ணிட்ட அலைவரிசைத் தடங்களில், மொய்த்துக் கிடந்தன, 3-இல் ஒருத்தரும் இல்லை. சும்மா கிடக்கிறதே என்று என் ரவுட்டரை அங்கே மாற்றினேன். முன்பாவது ராத்திரிதான் தொல்லை, இப்போது பகலிலும் இழுத்தது.

காரணம் அந்த எண்களில் இருக்கிறது. இந்தச் சேனல்கள் இருக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையில் பக்கத்துப் பக்கத்துச் சேனல்களுக்கு நடுவே 5 மெகாஹெர்ட்ஸ்தான் தூரம், ஆனால் ஒரு சிக்னலுக்குத் தேவைப்படும் அகலம் 20. 3-ஆம் சேனலின் மையம் 2422 மெகாஹெர்ட்ஸ் என்பதால், அதில் உட்கார்ந்த என் ரவுட்டர் 2412-இலிருந்து 2432 வரை பரவியது, கீழே 1-ஆம் சேனலில் பாதியையும் மேலே 6-இல் கால்வாசியையும் மிதித்துக்கொண்டு. எல்லாரும் 1, 6, 11 என்று இருப்பதற்குக் காரணம், அந்த மூன்றும்தான் ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. ஒரே சேனலில் நாலு பேர் இருப்பது நாம் பயப்படும் அளவுக்கு மோசமில்லை. வைஃபை கருவி பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். தன் சேனலிலேயே வேறொருவர் பேசினால், அந்தப் பேச்சின் தொடக்கத்தைப் படித்து, எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்துகொண்டு, முறை வரும்வரை காத்திருக்கும். இதற்கு மைனஸ் 82 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகப் பலம் குறைவு) அளவுக்கு மெல்லிய சிக்னல் போதும். ஆனால் பாதி மட்டும் மேலே விழுகிற சேனலில் இருந்து வருவது அதற்கு வெறும் இரைச்சல். இரைச்சலுக்காக அது வாயை மூட வேண்டுமென்றால் மைனஸ் 62 வேண்டும், அதாவது நூறு மடங்கு பலம். அவ்வளவு பலம் பக்கத்து வீட்டிலிருந்து எங்கே வரும்? ஆக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, இரண்டு பேர் பேச்சும் கெட்டு, மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டே இருந்தோம். எனக்கு மட்டுமில்லை, இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் நான்தான் தொல்லை கொடுத்திருக்கிறேன், அது இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் 11-க்கு மாறினேன், அங்கே இருந்தவர்களின் சிக்னல்தான் மூன்றிலும் பலவீனமாக இருந்தது. ரவுட்டர் அமைப்பில் 40 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்ததையும் 20 ஆக்கினேன். 2.4-இல் 40 வைப்பது மொத்தப் பட்டையில் பாதியை ஒருவரே பிடித்துக்கொள்வது மாதிரி, தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

லேப்டாப்பை வைஃபையின் இன்னொரு பட்டையான 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோய்விட்டேன். அங்கே சேனல் எண்களே 36, 40, 44, 48 என்று நாலு நாலாக, அதாவது 20 மெகாஹெர்ட்ஸ் தள்ளித் தள்ளித் தாவும், அதனால் 20 மெகாஹெர்ட்ஸில் மேலே விழும் பிரச்சினையே கிடையாது. சுவர் தாண்டினால் சிக்னல் சட்டென்று குறைவது குறைதான், ஆனால் பக்கத்து வீட்டு சிக்னலும் அதேபோல் குறைந்து வருவதால் எனக்கு அது லாபம். 52-இலிருந்து 144 வரை உள்ள சேனல்கள் பெரும்பாலும் காலியாக இருக்கும். ஆனால் ரேடாரும் அங்கே இருப்பதால், ரவுட்டர் குறைந்தது ஒரு நிமிடம் காத்திருந்து கேட்டபிறகுதான் பேசத் தொடங்கும், நடுவில் ரேடார் தென்பட்டால் உடனே இடத்தைக் காலி செய்தாக வேண்டும். வீடியோ கால் நடுவே அப்படி நடந்தால் கஷ்டம் என்று நான் 36-லேயே இருக்கிறேன், அகலம் 80.

நீங்களும் சேனல் பார்ப்பதாக இருந்தால் ராத்திரி எட்டு மணிக்குப் பாருங்கள், காலையில் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும்.