கணினியில் ஓடிய படம் டிவிடி பிளேயரில் ஏன் ஓடவில்லை?

கல்யாணம், வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் என்று உறவில் எது நடந்தாலும், பலர் கைப்பேசியில் பதிந்த காணொளிகளைத் திரட்டி ஒரே டிவிடியாகத் தரும்படி கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பென் டிரைவைச் செருகிப் பார்க்கும் தொலைக்காட்சிகள் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டாலும், பல வீடுகளில் பெரியவர்களின் கைக்குப் பழகியது டிவிடி பிளேயரின் ரிமோட்தான். அப்படிக் கேட்பவர்களுக்கு வட்டு தயாரித்துத் தருவதில் எழும் சிக்கல்களையும், அவை எங்கே பிறக்கின்றன என்று கண்டுபிடிக்கும் வழியையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். ஒரு கோப்பு கணினியில் நன்றாக ஓடுகிறது என்பது டிவிடி பிளேயரைப் பொறுத்தவரை எதற்கும் சான்றாகாது. விஎல்சி போன்ற மென்பொருள்கள் கோப்பில் உள்ள குறைகளைப் பொறுத்துக்கொண்டு, இல்லாததை ஊகித்து நிரப்பி, எப்படியாவது படத்தைத் திரையில் காட்டிவிடும். டிவிடி வீடியோவோ 1996-இன் இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த வடிவம். எம்பெக்-2 முறையில் சுருக்கிய படம், 48 கிலோஹெர்ட்ஸ் ஒலி, பால் (PAL) என்னும் தொலைக்காட்சி முறையில் வினாடிக்கு 25 ஃபிரேமுடன் (தனித்தனிப் படச் சட்டங்களுடன்) 720×576 புள்ளிகள் அல்லது என்டிஎஸ்சி (NTSC) என்னும் இன்னொரு முறையில் 29.97 ஃபிரேமுடன் 720×480 புள்ளிகள், படத்துக்கு வினாடிக்கு அதிகபட்சம் 9.8 மெகாபிட், ஒலியையும் பிறவற்றையும் சேர்த்து 10.08 மெகாபிட் என்று அதன் எல்லைகள் அன்றே வகுக்கப்பட்டுவிட்டன. இன்றைய கைப்பேசிகள் பயன்படுத்தும் எச்.264 முறை 2003-இல்தான் தரமாக வெளிவந்தது, எச்.265 அதற்கும் பத்தாண்டுகள் பிந்தியது. பழைய பிளேயரின் சிப்புக்கு அவை இரண்டுமே தெரியாத மொழிகள்.

வேலை மூன்று படிகளாக நடக்கிறது: படத்தை எம்பெக்-2 ஆக மாற்றுவது, மாற்றியதை, பிளேயருக்கு வழிகாட்டும் ஐஎஃப்ஓ, படத்தையும் ஒலியையும் தாங்கும் விஓபி ஆகிய கோப்புகளாக டிவிடி அமைப்பில் அடுக்குவது, அந்த அமைப்பை வட்டில் ரைட் செய்வது. பெரும்பாலானோர் மூன்றையும் ஒரே பொத்தானில் முடித்துத் தரும் மென்பொருளைப் பயன்படுத்துவதால், பழுது எந்தப் படியில் நேர்ந்தது என்பதே தெரியாமல், மென்பொருளை மாற்றுவதும் வட்டின் கம்பெனியை மாற்றுவதுமாக நாளைக் கடத்துகிறார்கள். நேரடியாக வட்டில் எழுதாமல், முதலில் வட்டின் முழு நகலான ஐஎஸ்ஓ கோப்பாகச் சேமித்துக்கொண்டு அதிலிருந்து ரைட் செய்வதே என் வழக்கம். படம் குறிப்பிட்ட இடத்தில் உறைந்து நின்றால், அதே ஐஎஸ்ஓவை வேறொரு வட்டில் எழுதிப் பார்க்கலாம். இரண்டாவது வட்டும் அதே வினாடியில் நின்றால் பழுது மாற்றியதிலோ அடுக்கியதிலோ இருக்கிறது. வேறு இடத்தில் நின்றாலோ நிற்காமல் ஓடினாலோ பழுது வட்டில் இருக்கிறது. ஒரு வட்டின் விலையில் முடியும் இந்தச் சோதனை பல மணி நேர ஊகங்களை மிச்சப்படுத்தும்.

இனி, அதிகமாக வரும் புகாரான ஒலியும் உதடும் பொருந்தாமைக்கு வருகிறேன். இதில் முதலில் பார்க்க வேண்டியது, பிசகு தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே அளவாக இருக்கிறதா, அல்லது போகப் போகக் கூடுகிறதா என்பதுதான். ஒரே அளவாக இருந்தால் ஒலித்தடம் சற்று முன்பாகவோ பின்பாகவோ இணைக்கப்பட்டிருக்கிறது; அடுக்கும் மென்பொருளில் சில நூறு மில்லி வினாடிகள் நகர்த்தினால் சரியாகிவிடும். கூடிக்கொண்டே போனால், கிட்டத்தட்ட எப்போதும் காரணம் மாறும் ஃபிரேம் வேகம்தான். கைப்பேசிகள் வினாடிக்கு 30 ஃபிரேம் என்று சொல்லிக்கொண்டாலும், மண்டபத்தில் வெளிச்சம் குறையும்போதும் கருவி சூடாகும்போதும் அதைக் குறைத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு ஃபிரேமும் எந்தக் கணத்தில் தோன்ற வேண்டும் என்பதை மட்டும் நேரமுத்திரையாகக் கோப்பில் குறித்துவைக்கின்றன. அந்த முத்திரைகளைப் படிக்காமல் எல்லாம் 30 என்றே எடுத்துக்கொள்ளும் மென்பொருளிடம் சராசரியாக 29.6 ஃபிரேம் உள்ள ஒரு மணி நேரப் பதிவைக் கொடுத்தால், படம் 48 வினாடி முன்னதாகவே முடிந்துவிடும், நாதஸ்வரம் மட்டும் தொடர்ந்து ஒலிக்கும். மீடியாஇன்ஃபோ என்னும் இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் ஃபிரேம் வேகம் நிலையானதா மாறுவதா என்று அது காட்டிவிடும். எந்தக் கோப்பையும் மாற்றத் தொடங்குமுன் இதைப் பார்த்துவிடுவது நல்லது. மாறுவது என்று காட்டினால், ஹேண்ட்பிரேக் என்னும் காணொளி மாற்றும் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்பதைத் தேர்ந்து, தரத்தை உயர்வாக வைத்து, ஒருமுறை நிலையான வேகத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அதன் பிறகு டிவிடிக்கு மாற்றலாம். (ஹேண்ட்பிரேக் டிவிடியை உருவாக்கித் தரும் என்று நினைப்பவர்கள் பலர், அது டிவிடியிலிருந்து எடுக்கும், டிவிடியாக ஆக்காது.)

வேகத்தைப் பற்றிப் பேசும்போதே பால், என்டிஎஸ்சி கேள்வியும் வந்துவிடுகிறது. இந்தியத் தொலைக்காட்சி முறை பால் என்பதால் எல்லாவற்றையும் பாலுக்கே மாற்ற வேண்டும் என்று பழைய வழிகாட்டிகள் சொல்கின்றன. வினாடிக்கு 30 ஃபிரேம் உள்ள படத்தை 25 ஆக்கினால், மென்பொருள் ஆறில் ஒரு ஃபிரேமைத் தூக்கி எறிகிறது. மணமேடையிலிருந்து கூட்டத்தின் பக்கம் கேமராவை மெல்லத் திருப்பும் காட்சியில் இந்த இழப்பு திக்கித் திக்கி நகர்வதாகக் கண்ணுக்குத் தெரியும். என் கருத்தில், கைப்பேசிப் பதிவுகளுக்கு என்டிஎஸ்சியே மேல். 576 வரிகளுக்குப் பதில் 480 வரிகள்தான் கிடைக்கும் என்றாலும் அசைவு சீராக இருக்கும், இங்கே விற்ற பிளேயர்களில் பெரும்பாலானவை இரண்டையும் ஓட்டும். பால் மட்டுமே ஏற்கும் பழைய படக்குழாய்த் தொலைக்காட்சி என்றால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும் அல்லது மேலும் கீழும் உருளும். அப்படி நேர்ந்தால் பிளேயரின் அமைப்புப் பட்டியலில் டிவி முறையை மாற்றிப் பார்க்கலாம், அதற்கும் அடங்காவிட்டால் பாலுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

கேம்கார்டர்களின் மினி டிவி (MiniDV) கேசட்டிலிருந்து எடுத்த பழைய கல்யாணப் பதிவுகளில் வேறொரு சிக்கல் உண்டு. அவை ஒவ்வொரு ஃபிரேமையும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரு பாதிகளாகப் பதிந்தவை; மினி டிவி முறையில் கீழ்ப் பாதி முதலில் வரும், டிவிடிக்கு மாற்றும் மென்பொருள்களோ பெரும்பாலும் மேல் பாதியை முதலாக எடுத்துக்கொள்ளும். வரிசை மாறிவிட்டால் அசையாத காட்சிகள் அழகாக இருக்கும், யாராவது கையசைத்தாலோ நடந்தாலோ அந்த உருவம் மட்டும் முன்னும் பின்னுமாக உதறும். கணினியில் பார்க்கும்போது மென்பொருள் இரு பாதிகளையும் குழைத்துக் காட்டுவதால் இந்தப் பழுது பல நேரம் மறைந்தே போகிறது. மாற்றும்போது 'ஃபீல்டு ஆர்டர்' என்ற இடத்தில் 'பாட்டம்' என்று குறிப்பிட்டால் போதும்.

உருவம் நீண்டோ நசுங்கியோ தெரிவது எளிய விஷயம். டிவிடியின் புள்ளிகள் சதுரமானவை அல்ல. 720×576 என்ற அதே சட்டம் 16:9 என்ற குறிப்புடன் இருந்தால் 1024 புள்ளி அகலத்துக்கு விரிக்கப்படும், 4:3 என்ற குறிப்புடன் இருந்தால் 768 அகலத்துக்கு. இந்தக் குறிப்பு எம்பெக் கோப்பிலும் ஐஎஃப்ஓ கோப்பிலும் தனித்தனியே எழுதப்படுகிறது. இரண்டும் முரண்பட்டால் கணினி ஒன்றை நம்பும், பிளேயர் இன்னொன்றை நம்பும். நிமிர்த்திப் பிடித்து எடுத்த காணொளிகளுக்கு மட்டும் நல்ல தீர்வு கிடையாது. 1024 அகலத் திரையில் அவை 324 அகலத்தை, அதாவது மூன்றில் ஒரு பங்கைக்கூட நிரப்பாது. இரு பக்கமும் கறுப்புப் பட்டையை ஏற்றுக்கொள்வது, தலையைப் பாதியாக வெட்டுவதைவிட மேல்.

அடுத்தது பிட்ரேட், அதாவது ஒரு வினாடிப் படத்துக்குச் செலவாகும் தரவின் அளவு. 4.7 ஜிபி வட்டில் கணினி 4.37 ஜிபிதான் காட்டுகிறதே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று கேட்பவர்கள் உண்டு. தயாரிப்பாளர் ஆயிரமாயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, இடம் ஒன்றுதான். அந்த இடத்தைப் படத்தின் நீளத்தால் வகுத்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒலியையும் சேர்த்து வினாடிக்கு ஏறத்தாழ 5.2 மெகாபிட் கிடைக்கிறது, மூன்று மணி நேரத்துக்கு 3.5-க்குக் கொஞ்சம் குறைவு. கணக்கில் வராதவற்றுக்குச் சிறிது விட்டுவைத்து இரண்டு மணி நேரப் படத்துக்கு 4.8 அளவில் வைப்பது பாதுகாப்பானது. ஒரு மணி நேரப் படம்தானே, இடம் நிறைய இருக்கிறதே என்று எல்லையைத் தொடும்வரை ஏற்றுவதில்தான் ஆபத்து இருக்கிறது. சராசரி எவ்வளவாக இருந்தாலும், அட்சதை தூவும் நேரத்தில், திரை முழுவதும் சிறு சிறு அசைவுகள் நிறையும்போது, பிட்ரேட் உச்சத்துக்குத் தாவும். பிளேயர் அந்த ஒரு கணத்தில் திணறி நிற்கும். எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்னும் மாற்றும் மென்பொருளில் 'டார்கெட்' என்பதற்குப் 'பால்-டிவிடி' என்று கொடுத்தால் அது சராசரியை 6 ஆகவும் உச்சத்தை 9 மெகாபிட்டாகவும் வைக்கிறது. வீட்டில் எழுதிய வட்டுகள் அச்சிட்ட வட்டுகளைவிடக் குறைவாக ஒளியைத் திருப்புவதால், நான் உச்சத்தை 8-க்கு மேல் விடுவதில்லை.

தமிழில் சப்டைட்டில் சேர்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் காத்திருக்கிறது. டிவிடியில் சப்டைட்டில் எழுத்தாகச் சேமிக்கப்படுவதில்லை. நான்கு வண்ணங்களுக்குள் அடங்கும் சிறு படங்களாகவே சேமிக்கப்படுகிறது. ஆகவே எழுத்தைப் படமாக்கும் பொறுப்பு முழுவதும் அடுக்கும் மென்பொருளுடையது. யூனிகோடில் 'கெ' என்பது முதலில் ககரமும் பின்பு கொம்புமாகச் சேமிக்கப்பட்டிருக்கும். கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது எழுத்தை வரையும் மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருள்கள் கொம்பைப் பின்னால் போட்டு, 'கொ', 'கோ' ஆகியவற்றை உருத்தெரியாமல் சிதைத்து, சரியான எழுத்துருவைக் கொடுத்தும் வாசிக்க முடியாத தமிழைத் தருகின்றன. எழுத்துருவை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. லிப்ஆஸ் என்னும் நிரலகத்தைப் பயன்படுத்தும் கருவிகள், ஹார்ஃப்பஸ் என்னும் இன்னொரு நிரலகத்தின் துணையுடன் எழுத்துகளைச் சரியாகக் கோப்பதால், அவற்றைக் கொண்டு சப்டைட்டிலைப் படத்தின் மேலேயே பதித்துவிடுவது நம்பகமான வழி. வேண்டாதபோது அணைக்க முடியாது என்பது இதன் குறை. பதிக்கும்போது கீழ் விளிம்பிலிருந்து பத்தில் ஒரு பங்கு உயரமாவது விட்டுவிடுங்கள். பழைய தொலைக்காட்சிகள் ஓரங்களை மறைத்துவிடும், கடைசி வரி காணாமல் போகும்.

அடுக்குவதிலும் எழுதுவதிலும் வரும் தவறுகள் பெரும்பாலும் விண்டோஸின் ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகின்றன. வெற்று வட்டை உள்ளே வைத்ததும், யுஎஸ்பி டிரைவைப் போலப் பயன்படுத்துவதா, சிடி/டிவிடி பிளேயருடன் பயன்படுத்துவதா என்று அது கேட்கிறது. முதலாவதைத் தேர்ந்தால் வட்டு யுடிஎஃப் என்னும் கோப்பு அமைப்பு முறையின் புதிய பதிப்பில் எழுதப்படும். டிவிடி வீடியோவின் விதி 1.02 என்ற பழைய பதிப்பையே கேட்கிறது. இரண்டாவதைத் தேர்ந்தால் எல்லாம் தானாகவே மாறிவிடும் என்று நம்புவதும் பிழை. எம்பி4 கோப்பை இழுத்துப் போட்டால் அது எம்பி4 கோப்பாகவே வட்டில் கிடக்கும், பிளேயர் வட்டைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துவிட்டுப் படிக்க முடியவில்லை என்று சொல்லும். வட்டின் முதல் நிலையிலேயே வீடியோ_டிஎஸ் (VIDEO_TS) என்ற கோப்புறை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருக்க வேண்டும், வேறொரு கோப்புறைக்குள் இருந்தால் பிளேயர் தேடிப் போகாது. உள்ளே படம் 1 ஜிபிக்கு மேற்படாத விஓபி கோப்புகளாகத் துண்டாகியிருப்பது இயல்பு. டிவிடிஸ்டைலர் என்னும் அடுக்கும் மென்பொருளில் அமைத்து, ஐஎஸ்ஓவாகச் சேமித்து, இம்க்பர்ன் என்னும் எழுதும் மென்பொருளில் எழுதினால் இந்தக் குழப்பங்கள் எதுவும் வருவதில்லை.

படம் முதல் ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடி, கடைசிப் பகுதியில் கட்டம் கட்டமாக உடைந்தால், குற்றவாளி பெரும்பாலும் வட்டுதான். டிவிடி உள்வட்டத்திலிருந்து வெளிவிளிம்பை நோக்கி எழுதப்படுகிறது. மலிவான வட்டுகளின் பூச்சு விளிம்பில்தான் மோசமாக இருக்கும், அதனால் வட்டை விளிம்புவரை நிரப்பாமல் கொஞ்சம் காலியாக விடுவது நல்லது. 16 மடங்கு வேகம் என்று அச்சிட்ட வட்டை 8 மடங்கில் எழுதுங்கள். ஆகக் குறைந்த வேகமே ஆகச் சிறந்தது என்பது இன்றைய வட்டுகளுக்குப் பொருந்தாது. மிகப் பழைய பிளேயர்கள் ஒருமுறை மட்டும் எழுதும் வட்டுகளில் டிவிடி+ஆர் வகையைவிட டிவிடி-ஆர் வகையை எளிதாகப் படிக்கின்றன. அழித்து எழுதும் வகை வட்டுகளைச் சில பிளேயர்கள் அடையாளமே காண்பதில்லை. எழுதி முடித்ததும் 'வெரிஃபை' செய்யும் நிமிடங்களைச் சேமிக்கப் பார்க்காதீர்கள். மணமக்கள் படம் அச்சிட்ட ஒட்டுத்தாளை வட்டின் மேல் ஒட்டித் தருமாறு கேட்டாலும் மறுத்துவிடுங்கள்: சற்றே கோணலாக ஒட்டினாலும் சுழலும்போது வட்டு அதிரும், பசை காயக் காயத் தாள் சுருங்கி வட்டை வளைக்கும். பெயரும் தேதியும் வட்டுக்கென்று விற்கும் மார்க்கர் பேனாவில் எழுதினால் போதும், படத்தை உறையில் ஒட்டிக்கொள்ளலாம்.